மருந்துச் சீட்டில் வந்த ரவை

தனிமையால் ஏறிய வசுமதியின் ரத்தக்கொதிப்புக்கு மருந்தாக டாக்டர் எழுதிக் கொடுத்த நாய் ரவை. கொதிப்பு இறங்கிவிட்டால் ரவையை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சோதனை நாளன்று காலையிலேயே மாவடு ஜாடியில் பாதியைத் தின்று தீர்த்திருந்தாள்.

“ஏனுங்கம்மா, நூத்தி எழுபது காட்டுதே! என்ன சாப்பிட்டீங்க?” என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

“வெறும் கஞ்சிதான் கண்ணு.”

“வாயில மாவடு வாசம் ஊரைத் தூக்குது! பத்து நிமிசம் கழிச்சு மறுபடி பாக்கறேனுங்க.”

வசுமதி முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவள் பதற்றத்தைக் கண்ட ரவை எழுந்து வந்து மடியில் தலை வைத்தது. ‘தள்ளிப் போடி தங்கம்’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். விரல்களோ அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தன.

“நூத்தி இருபது! நல்லாயிட்டீங்கம்மா,” என்று சிரித்தபடி ஜெசிந்தா நாய்ச் சங்கிலியைக் கையில் எடுத்தாள்.