உள் வீட்டுக்கு ஒரு வாசல்

"இந்தக் காலத்துல எவன் மாப்ள ஒரு வேலையை முழுசா முடிக்கிறான்? 'முடிஞ்சிடுச்சு'ன்னு சொல்றதுக்குத்தான் எல்லாருக்கும் அவசரம்!"

பெரியவர் ஸ்டூலில் படிந்திருந்த மரத்தூளைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே கிடந்ததில் மாப்பிள்ளைக்குக் கழுத்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

பட்டறையில் கதவுகளுக்குப் பூவேலை செதுக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டும் புரோகிராமுக்கு லினக்ஸ்தான் ஆகும். படம் வரைவதோ விண்டோஸில். அதனால் ஒரே கம்ப்யூட்டருக்குள்ளே, விண்டோஸின் வயிற்றில், லினக்ஸ் என்று இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரைக் குடிவைத்திருந்தார்கள். வெளியே வரைந்த படம் உள்ளே போக வேண்டுமென்றால் அந்த லினக்ஸில் 'கெஸ்ட் டூல்ஸ்' என்று ஒன்றைப் போட வேண்டும். அதுதான் ஏறுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணு விளங்கல. வீட்டுக்குள்ள இன்னொரு வீட்டைக் கட்டுவீங்க. நடுவுல சுவரு வைப்பீங்க. அப்புறம் அந்தச் சுவத்துல வாசல் வெட்ட நாள் பூரா உக்காந்து மண்டையை உடைச்சுக்குவீங்க. இதுக்குப் பேரு படிப்பா?"

"வாசல் இல்லாம புதுப் படத்தை எப்படி மாமா உள்ள அனுப்புறது?"

"உள்ள இருக்கிற படத்தை வச்சே இத்தனை நாள் ஓட்டலையா?"

"எத்தனை கதவுக்குத்தான் அதே கொடி, அதே மயிலு? ஆர்டர் குடுத்தவங்க புதுசா கேக்கிறாங்களே."

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடிக் கிடந்தது. "இதை ஓட வச்சுக் காட்டுங்க, பட்டறைச் சாவி உங்களுக்கு. இல்லேன்னா வாடகைக்குக் கேக்கிறவனுக்குக் குடுத்துடறேன்" என்று பெரியவர் கறாராகச் சொல்லியிருந்தார். மகள் டீயோடு வந்து வந்து கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது அதனால்தான்.

"இப்ப என்னவாம் அதுக்கு?"

"கெர்னல் ஹெடர்ஸ் இல்லேங்குது மாமா. உள்ள ஓடுற இன்ஜினுக்குத் தகுந்த அச்சு மாதிரின்னு வச்சுக்குங்க. இறக்கினேன். இன்ஜின் ஒரு வெர்ஷன், அச்சு வேற வெர்ஷன்."

"பொருத்தம் பாக்காம பண்ணி வச்ச கல்யாணம்னு சொல்லுங்க."

"அப்பா!" என்று மகள் முறைத்தாள்.

"நான் கம்ப்யூட்டரைச் சொன்னேம்மா."

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. கொஞ்ச நேரத்தில், நடுவில் ஒரு கட்டமாகச் சுருங்கிக் கிடந்த லினக்ஸ் திரை முழுக்கப் பரவியது. புதுப் படமும் உள்ளே வந்து நின்றது.

"மாமா! வந்துடுச்சு!"

மகள் கை தட்டினாள். பெரியவர் மட்டும் அசையவில்லை. "முழுசா அணைச்சுப் போட்டுக் காட்டுங்க. மோட்டாரையே நான் அப்படிப் பாத்துத்தான் வாங்குவேன்."

அணைத்துப் போட்டார்கள். லினக்ஸ் மறுபடி கட்டமாகச் சுருங்கியிருந்தது. படத்தைக் காணோம். பாடுபட்டு இறக்கிய ஹெடர்ஸையும் காணோம்.

"பழைய குருடி கதவைத் திறடி" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடியிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துப் போட்டார். திரை விரிந்தது. படம் வந்தது.

"உள்ளுக்குள்ளயே ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன் மாமா. நிக்குது!"

"அது தூங்கி எழுந்திரிக்கிறது. செத்துப் பொழைக்கட்டும், அப்புறம் பேசலாம்."

அணைத்தார்கள். போட்டார்கள். கட்டம்தான்.

மாப்பிள்ளை திரையைத் தட்டிக் காட்டினார். "போட்ட சுவடே இல்ல மாமா! யாரோ உள்ள உக்காந்து துடைச்சு எடுக்கிற மாதிரி இருக்கு!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அப்பா, ரெண்டு தடவை ஓடிச்சே. நீங்களும் கண்ணால பாத்தீங்கல்ல?" என்றாள் மகள்.

"அணைச்சா நிக்கலையேம்மா. நிக்காதது ஓடி என்ன, ஓடாட்டி என்ன? செய்யறவருக்குக் கை சுத்தம் பத்தலை. நாளைக்கு வாடகைக்காரனை வரச் சொல்றேன்."

"மாமா, இன்னும் ஒரே ஒரு தடவை..."

பெரியவர் காதில் வாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். மகள் வாசல்வரை ஓடி வந்து "அப்பா" என்று கூப்பிட்டாள். அதற்கும் திரும்பவில்லை. தெருமுனையில் நின்று, கம்ப்யூட்டரை முதலில் அமைத்துக் கொடுத்த ஆளுக்குப் போன் போட்டார்.

"தம்பி, எவன் உள்ள பூந்து எதை மாத்தினாலும், அணைச்சதும் அத்தனையும் அழிஞ்சு பழையபடி ஆகிடணும்னு சொல்லி உங்கிட்ட ஒரு ஏற்பாடு பண்ணச் சொன்னேனே, அது இன்னும் இருக்குல்ல?"

"பத்திரமா இருக்குங்கய்யா. எடுத்துடட்டுமா?"

"ஐயோ, எடுத்துடாதே! எங்க மாப்பிள்ளை காலையிலேர்ந்து என்னென்னமோ போட்டுப் பாக்கிறாரு, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வேலை தெரியாத மனுஷன், இவரை நம்பி எப்படிப்பா சாவியைக் குடுக்கிறது?" என்றபடியே பெரியவர் விடுவிடுவென்று நடந்தார்.