வாய் இல்லாத திரையும் ஊமையான ஸ்பீக்கரும்

போன தவக்காலத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கிக் கொடுக்கும்போது என் மூத்த மகள் சகாய ரெஜினா சொன்ன கதை இது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. விடிந்தால் ஜெபப் பாட்டு அதன் வாயில்தான். ஒருநாள் புதுசாக ஒரு பெரிய திரை வந்து சேர்ந்தது. அன்றோடு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. வீட்டுக்காரர் சத்தத்தை முழுசாகக் கூட்டிப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்" என்று சொல்லி, காபி டம்ளரை அதன் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

"ஸ்டூல் வேலைக்கு நீங்க தோதுதான் அண்ணே" என்றது டம்ளர்.

ஸ்பீக்கருக்கு அழுகை முட்டியது. "தம்பி, பாட்டெல்லாம் எங்கேதான் போகுது?" என்று திரையைக் கேட்டது.

"என்கிட்டத்தான் வருது அண்ணே" என்று திரை முனகியது. "வந்த அன்னைக்கே லினக்ஸ், பாட்டையும் வாங்கிக்கிறியான்னு கேட்டுச்சு. புது இடம். எனக்கு வாயே கிடையாதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. தலையாட்டிட்டேன்."

"இப்பவாவது சொல்லேன்டா, நான் பிழைச்சுக்குவேன்."

மறுநாள் வீட்டுக்காரர் கடைசியாக ஒரு தடவை ஒலி அமைப்பைத் திறந்தார். திரை வெட்கத்தை விட்டு ஒரு வரியைப் பளிச்சென்று காட்டியது: ‘ஒலி போகும் இடம்: திரை.’ அவர் சிரித்துக்கொண்டே அதை ஸ்பீக்கருக்கு மாற்றினார்.

பாட்டு கிளம்பிய வேகத்தில் டம்ளர் கடகடவென்று ஆடிப்போனது. "அண்ணே, மெதுவா, மெதுவா" என்று கெஞ்சியது.

எங்கள் வீட்டு ஸ்பீக்கரும் இதோ, நீங்கள் காபியோடு உட்கார்ந்திருக்கும் மூலையில்தான் இருக்கிறது. காபியைக் குடித்ததும் டம்ளரை அதன் மேல் வைக்காமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.