அழைக்காத அத்தை

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே சொந்தபந்தம் என்று இருந்த அத்தனை வீட்டுக்கும் போய்க் காதுகுத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்துவிட்டான் அர்த்தநாரி. விட்டது ஒரே ஒரு வீடு. ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய சொந்த அக்கா செல்லாத்தாளின் வீடு.

"சொல்லாம இருந்தா நல்லா இருக்குங்களா?" என்று அவன் மனைவி மருதாத்தாள் நாலு தரம் கேட்டுவிட்டாள்.

"அக்கா வந்தா புள்ளைய ஏதாச்சும் சொல்லும். எனக்குத் தாங்காது" என்று பேச்சை முடித்துவிட்டான்.

பிள்ளை என்றால் சாந்தாமணி. ஐந்து வயசு. அவளைப் பெற்றவன், பிள்ளை பிறந்த மறுமாசமே பம்பாய்க்கு லாரி ஏறிப் போனவன். போனவன் போனவன்தான். மூன்று வருஷம் பார்த்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களை வைத்து அந்தக் கலியாணத்தைப் பேசித் தீர்த்துக்கொண்ட மருதாத்தாளுக்கு அர்த்தநாரி தாலி கட்டினான். "உனக்கு வேற பொண்ணே கிடைக்கலையாடா" என்று அன்றைக்குக் கேட்டுவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறியவள் செல்லாத்தாள்.

அர்த்தநாரி தாலியோடு நிற்கவில்லை. எழுபத்து மூன்று ஜூனில் சாந்தாமணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, தகப்பன் பேருக்குத் தன் பேரையே எழுதச் சொன்னான். டீக்கடையில் உட்கார்ந்தால் வாய்க்கு வாய் "எம்புள்ள, எம்புள்ள" என்பான். ஊரும் மெச்சியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே! தங்கச்சி இரண்டாங் கலியாணம் செய்துகொண்டாள் என்று உறவையே அறுத்துக்கொண்டவன் மருதாத்தாளின் அண்ணன். அழைத்தும் வரவில்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். பந்தல் நிறைய ஜனம். உட்கார ஒரு மடி இல்லை. யாருமற்ற பிள்ளை என்று ஊர் சொல்லிவிடுமே என்று மருதாத்தாளுக்குக் கண் கலங்கியது. நேரமாகிறது, பலகையிலேயே உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்றான் அர்த்தநாரி.

அந்த நேரம் பார்த்துப் பத்து மணி பஸ் வந்து நின்றது. செல்லாத்தாள் இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் பொங்கியண்ணன், துணி போட்டு மூடிய தாம்பாளத்தோடு.

அர்த்தநாரி ஓடிப்போய் மறித்தான்.

"அக்கா, எதா இருந்தாலும் என்னையப் பேசு. புள்ளைக்கு முன்னால வேண்டாம்."

அவள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே ஆசாரியிடம் போனாள்.

"கம்பியக் கீழ வையுங்க."

 செல்லாத்தாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? பலகைல உக்காருங்க. அத்தை ஊட்டுக்காரரும் மாமன்தானுங்களே. அம்முணியத் தூக்கி மடியில வெச்சுக்குங்க."

தாம்பாளத்துத் துணியை விலக்கினாள். பட்டுப் பாவாடை, தேங்காய், பழம், ஒரு ஜோடி தங்கக் கம்மல். ஒரு அத்தை செய்யவேண்டிய சீரில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆசாரி குத்தினார். சாந்தாமணி பொங்கியண்ணனின் மீசையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க அழுதாள். மருதாத்தாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அர்த்தநாரி அக்கா பக்கத்தில் வந்து நின்றான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இந்தப் புள்ளைய மருமகளா ஏத்துக்குவேன்னு நான் நெனைக்கவே இல்லக்கா."

செல்லாத்தாள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கலியாணத்தன்னைக்கு நான் பேசினது தப்புதாண்டா. ஆனா ஒண்ணு சொல்லு. இவ நீ பெத்த புள்ளையா இருந்திருந்தா, அத்தைக்குச் சொல்லாம காது குத்துவியா?"