பொன்னாடை

நாடகம் முடிந்தும் அமலி எழவில்லை. மலக்குழியிலிருந்து தூக்கிப் போட்ட பிணமாக மேடை நடுவே அப்படியே கிடந்தாள். உடம்பெங்கும் பூசிய களிமண் காய்ந்து தோலை இழுத்தது. விளக்கு வந்ததும் செத்தவர்களும் எழுந்து, மற்றவர்களோடு கைகோத்துக் கூட்டத்தைக் கும்பிடுவதுதான் நாடகக்காரர்களின் வழக்கம். போன ஊர்களிலெல்லாம் அவளும் எழுந்து சிரித்திருக்கிறாள். இன்று முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தது, குழியில் இறக்கப்பட்டுச் செத்த அவள் அண்ணனைப் பற்றி, "குடிச்சிட்டுத் தவறி விழுந்துட்டான்" என்று பேட்டி கொடுத்த அதே அதிகாரி.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டித் தட்டி ஓய்ந்தது. இயக்குநர் தேவசகாயம் அவள் காதருகே குனிந்தார்.

"எந்திரி தாயி, மானம் போவுது."

"யாரு மானம்ணே?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அதற்குள் அதிகாரி பொன்னாடையோடு மேடையேறிவிட்டார். "பிரமாதம்மா! அப்படியே தத்ரூபமா இருந்துச்சு. எழுந்திரு, போட்டோ எடுக்கணும்ல?"

"எங்கண்ணனும் எந்திரிக்கல சார். அன்னைக்கு அவன் மேல ஒரு துணி போட நீங்க வரல. இப்பப் போடுங்க."

சரிகைத் துணியை விரித்துப் பிடித்தபடி அவர் அவளைப் பார்த்தார். உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் நின்றுகொண்டே இருந்தது. நிற்பவர்களுக்குப் போர்த்தித்தான் அவருக்குப் பழக்கம். இவளுக்குப் போர்த்த வேண்டுமென்றால் மண்டியிட வேண்டும்.