உள்ளங்கால்

மொனிற்றர் கத்தத் தொடங்கியது.

"மறந்திட்டா. தட்டும் தம்பி," என்றார் தாதி ஜசிந்தா மிஸ். அவருடைய இரண்டு கைகளும் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், வேறொரு பிள்ளையின் மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் எங்கள் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன்.

மகளின் பாதம் என் பெருவிரலைவிடச் சின்னது.

இவ்வளவு முந்திப் பிறக்கிற பிள்ளைகளுக்கு மூச்சு விடுவது இன்னும் பழகவில்லை. நித்திரையில் மறந்துவிடுவார்கள். மார்பு அப்படியே நிற்கும். உதடு கறுக்கும். அப்போது உள்ளங்காலில் ஒரு தட்டு. ஞாபகம் வந்துவிடும்.

முதல் கிழமையே ஜசிந்தா மிஸ் பழக்கிவிட்டார்.

"முதல்லை மெதுவா. கேக்காட்டிக் கொஞ்சம் பலமா. பயப்பிடாதையும், உடைய மாட்டா."

அன்றைக்கே மேல்மாடி வாட்டுக்கு ஓடிப்போய் மனைவி கிறிஸ்ரினாவிடம் சொன்னேன். பிரசர் இறங்காமல், முகம் வீங்கிப் படுத்திருந்தாள். பிள்ளையை அவள் என் போனில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"மறதி உங்கட பக்கத்தாலை வந்தது," என்றாள். "மோட்டச்சைக்கிள் திறப்பு எங்கை இப்ப?"

சட்டைப்பையைத் தடவினேன். இல்லை. திறப்பு அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. நேற்றிலிருந்தே அங்கேதான் கிடக்கிறது என்று சிரித்தாள்.

பெட்டியில் ஒட்டிய தாளில் இன்னும் அவள் பெயர்தான். கிறிஸ்ரினாவின் பிள்ளை.

இன்று பகல் முழுக்க மூச்சு விட மறக்காமல் இருந்தால் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலையில் நான் உள்ளே வந்தபோது, "ஏன் தம்பி இண்டைக்கே வந்தனீர்?" என்று மட்டும் மிஸ் கேட்டார்.

தட்டினேன். மெதுவாக.

மார்பு அசையவில்லை.

"இன்னும் ஒருக்கா. பலமா."

மொனிற்றரில் ஒட்சிசன் எண் இறங்கிக்கொண்டிருந்தது. விரலை மடக்கினேன். கை வரவில்லை.

பலமாகத் தட்டியும் கேட்காவிட்டால்?

நேற்றுப் பின்னேரம் நாரந்தனையில் கிறிஸ்ரினாவை அடக்கம் செய்தோம்.

கூறைச்சேலை உடுத்திவிட்டிருந்தார்கள். கையில் செபமாலை, காலில் வெள்ளைக் காலுறை. பெட்டி மூடுவதற்கு முன் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். கடைசியாக நான். சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

நான் தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டில் குனிந்தேன். ஒரு காலுறையைக் கழற்றினேன். சுற்றி நின்றவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

மாமி ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"எழும்புங்கோ தம்பி. என்ர பிள்ளை உங்களோடை கோவமில்லை. ஒருநாளும் இல்லை."

"மன்னிப்புக் கேக்கிறார், பாவம்," என்றது பின்னால் ஒரு பெண்குரல். "பிந்தித்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்."

கிறிஸ்ரினாவின் தம்பி டிலோன் என்னை விலக்கி, காலுறையைத் திரும்பப் போட்டுவிட்டான். மூடினார்கள்.

"தம்பி!"

ஜசிந்தா மிஸ் மற்றப் பெட்டியிலிருந்து கையை இழுத்துக்கொண்டு வந்தார்.

தட்டினேன்.

மகளின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. முகம் சுருங்கியது. வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல், கோபமாக அழுதாள். மார்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மொனிற்றர் அடங்கியது.

"பாரும், அப்பாவோடை என்ன கோவம் எண்டு," என்றார் மிஸ். பிறகு என் கையைப் பார்த்தார். அது இன்னும் பெட்டிக்குள்ளே, பிள்ளையின் காலடியில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லவில்லை. "உம்மட தட்டு அவவுக்குத் தெரியும்," என்றார்.

நேற்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

உள்ளங்காலில் தட்டினேன்.

முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக.