எதிர் ஜன்னல்

ஏசி வரப்போகிறது என்று தெரிந்ததுமே வீட்டம்மாவுக்கு உடம்பு பாதி குளிர்ந்துவிட்டது. வேர்வையில் ஒட்டாத தலையணையை நினைத்தபடி, மெக்கானிக்கின் பின்னால் மிதப்பதுபோல நடந்தாள்.

"வெளியில மாட்டுற பெட்டியை இந்தப் பின்சுவத்துல வெச்சிடுங்க தம்பி. பத்தடி பைப் போதும்னு கடையில சொன்னாங்க."

"மொட்டை மாடியில வெச்சிடலாம்க்கா. இன்னும் இருபதடி ஆகும்."

அவள் கனவு சட்டென்று கலைந்தது. "அதானே! ஏசியை வித்துட்டுப் பைப்புல கறக்குறீங்க."

"அந்த இருபதடிக்குக் காசு வேணாம்க்கா. நான் போட்டுக்கறேன்."

சும்மா தருகிறேன் என்றதும் சந்தேகம் முற்றியது. அவன் பார்வை போன பக்கம் பார்த்தாள். சந்துக்கு அந்தப் புறம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஜன்னல். நீலத் திரை மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியது. போன வாரம் குடிவந்த பெண் கைக்குழந்தையை அணைத்தபடி தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

அவன் தலைகுனிந்தான். "பெட்டியோட அனல் நேரா அங்கதான்க்கா போகும். அந்த வீட்டுக்கு இருக்கறதே அந்த ஒரு ஜன்னல்தான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குழந்தை சிணுங்கியது. கண்விழித்த பெண் அவனைப் பார்த்ததும், கனவோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க! இன்னிக்கு இந்த வீட்டுலயா வேலை?"

வீட்டம்மா கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடியிலயே வைங்க தம்பி. ஆனா அடுத்த மாசம் வாங்க. பைப்புக்கு நானே காசு சேர்த்துடுறேன்."

"அதுவரைக்கும் தூக்கத்துக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"அந்தத் திரை ஆடுறதைப் பார்த்துக்கிட்டே தூங்கிடுவேன், போங்க."