கண் திறக்காத குட்டி

“அந்தப் பாலை அப்படி வைங்க. ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக்கூடாது.”

அமுதவல்லி போட்ட அதட்டலில் சாரதாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாயில்லா ஜீவனுக்குப் பால் கொடுக்காதே என்று சொல்லவும் ஒரு வாய் வேண்டுமே!

கந்தவேலின் உள்ளங்கையில் பூனைக்குட்டி கிடந்தது. பிறந்து ஒரு வாரம் இருந்தால் அதிகம். கண் இன்னும் திறக்கவில்லை. தறிக்கூடத்தில் நூல் மூட்டைக்குப் பின்னால் ராத்திரியெல்லாம் கத்தியிருக்கும். தறி ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்டது? காலையில் கரண்ட் போய்த் தறி நின்ற பிறகுதான் கேட்டது.

மருந்து ஊற்றும் ஃபில்லரில் பாலை உறிஞ்சி வைத்திருந்தான் கந்தவேல். அவன் பெண்டாட்டி அமுதவல்லி அதைக் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தாள்.

“ஏம்புள்ள, இந்த ஊட்டுல பாலுக்கா பஞ்சம்?” என்றாள் சாரதாமணி. அவள் கந்தவேலுக்கு அக்கா. கேட்க உரிமை இருக்கிறது.

“மூக்கு வழியா வருதுங்க அண்ணி. பசும்பால் அதுக்கு ஆவாது.”

“ஆமா, நீ பெரிய மாட்டு டாக்டரு.”

அமுதவல்லி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றி, குட்டியை அதன் ஓரத்தில் படுக்க வைத்தாள். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் பெரிய கட்டைப்பை.

“எங்க கெளம்பிட்ட?”

“பவானி வரைக்கும் போய்ட்டு வாரேனுங்க.”

“இப்பவா?”

“இப்பப் போனாத்தான் ஆவும்.”

புருஷனிடம் போய் மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆற்றுப் பக்கம் நீட்டினான். அவள் போயே விட்டாள்.

சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசிபுரத்திலிருந்து நெய்த் தூக்கோடு முதல் பஸ் ஏறி வந்தவளுக்கு ஒரு டம்ளர் காப்பியோடு சரி. நாத்தனார் வந்திருக்கிறாள், வீட்டில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, இவளுக்குக் கடை கேட்கிறது! பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே கோயில் இருக்கிறது, ஜமக்காளக் கடை இருக்கிறது. கோயிலுக்கு எவள் கட்டைப்பையோடு போவாள்?

“உன் தலையெழுத்துடா கந்தா. கல்லைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற.”

கந்தவேல் பெருமூச்சு விட்டான். அது அவனுக்கு நன்றாக வரும்.

“விடுக்கா. பெத்த பூனையே போட்டுட்டு ஓடிருச்சு. இவளைச் சொல்லி என்ன?”

“தாயாடா அது? பேய்!”

“அதான்க்கா.”

குட்டியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். ‘வாயில்லா ஜீவனைக் காப்போம்’ என்று கீழே எழுதினான். கும்பிடு கும்பிடாக வந்து குவிந்தது. நூல் கடை தீனதயாளன், ‘மனிதருள் மாணிக்கம்’ என்று எழுதியிருந்தார். அதைச் சாரதாமணி இரண்டு தரம் உரக்கப் படித்தாள். குட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

ராசிபுரத்துக்குப் போன் போட்டுப் புருஷனிடமும் சொன்னாள். “கேட்டீங்களா? ஆம்பளை குட்டியை வெச்சுக்கிட்டு அல்லாடறான். இவ ஜவுளி எடுக்கப் போயிட்டா!”

வீரபாகு, “நீ சாப்பிட்டியா?” என்றார். விஷயம் தெரியாத மனுஷன். போனை வைத்துவிட்டாள்.

“அக்கா, தொட்டுப் பாரேன், சூடு இருக்குதான்னு.”

“ஐயே, நான் தொடமாட்டேன் சாமி. நீயே பாரு.”

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்றே இரக்கப்பட்டாள்.

உச்சி வெயிலுக்குக் குட்டியின் சத்தம் தேய்ந்தது. அப்புறம் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பாட்டில் ஆறிப் போயிருந்தது. வெந்நீர் மாற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கந்தவேல் மறுபடி ஃபில்லரை எடுத்தான். பால் மூக்கில் வழிந்தது.

“போயிரும்போல இருக்குதுக்கா.”

“வரட்டும் அவ. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்.”

வந்தாள். தலை கலைந்திருந்தது. சேலையெல்லாம் சேறு. முழங்கை வரைக்கும் கீறல். வாய் கட்டிய பையை மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

“வாம்மா மகராசி! என்ன எடுத்த, பட்டா, ஜமக்காளமா?”

அமுதவல்லி கீழே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள்.

பைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் பூனை எகிறி விழுந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே குட்டியிடம் போனது. முகர்ந்தது, நக்கியது, சுற்றி வளைத்துப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குட்டி முட்டி முட்டித் தேடியது. பிடித்துக்கொண்டது.

சாரதாமணிக்கு வாய் குழறியது. “பெத்த பூனையா இது? பவானியில இதுக்கு என்ன சோலி?”

“ஆத்தோரம் படிக்கட்டுல கத்திக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. நேத்துச் சாயங்காலம் இவருதான் சாக்குல போட்டுக் கட்டி, வண்டியில கொண்டுபோய் விட்டிருக்காரு. ஆத்தைத் தாண்டி விட்டாத் திரும்பி வராதாம். காலையில குட்டியைப் பார்த்தப்புறம்தான் எங்கிட்டயே சொன்னாரு.”

சாரதாமணி தம்பியைப் பார்த்தாள். தம்பி செல்போனைப் பார்த்தான்.

“அடப்பாவி! பச்சைக்குட்டிக்காரியைக் கொண்டுபோய் விடுவானாடா ஒருத்தன்? எந்தப் பாதகத்தி சொல்லிக் குடுத்தா உனக்கு?”

அமுதவல்லி கீறலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“நீங்கதானுங்க அண்ணி. பூனை திரியற ஊட்டுல கை நனைக்க மாட்டேன், நான் வாரதுக்குள்ள அதைத் தொலைச்சுக் கட்டுன்னு போன்ல சொன்னீங்களாமா. இப்பத் திரும்ப வந்துருச்சுங்க. சோறு ஆக்கட்டுங்களா, பஸ்ஸுக்குக் கெளம்பறீங்களா?”